பதினான்கு நொடி

கிருஷ்ணகிரி சுங்கச்சாவடியில் எனக்கு ஏழாவது பூத்.
வண்டி நிற்க, பீப் அடிக்க,
தடுப்புக்கட்டை எழ, வண்டி போக,
விரல் விடாமலே நொடிகளை எண்ணிப் பழகிய உடம்பு.

அதனால்தான் முதலில் எண்ணினேன்.
சஷ்மிதா தூங்கிய பிறகு, சத்தத்தை அணைத்துவிட்டு,
அவள் நாளெல்லாம் பார்க்கும் குரங்குக் கார்ட்டூனை
நான் தனியாக உட்கார்ந்து பார்த்தேன்.
ஒரு படம் ஒன்றரை நொடி.
அடுத்தது ஒரு நொடி.
அதற்கடுத்தது இமைப்பதற்குள் போய்விட்டது.
பொங்கலுக்கு முந்தின ராத்திரி
பெங்களூரே கிளம்பி ஊருக்குப் போகிற மாதிரி
ஒன்றை ஒன்று முட்டிக்கொண்டு.
மூன்று வயதுக்கு இரண்டு மாதம் குறைவு அவளுக்கு.
அவள் தலைக்குள் எத்தனை பூத் இருக்கும்?

என் ஷிப்டும் திம்மராஜ் ஷிப்டும் ஒட்டாத இடைவெளியில்
எங்கள் வீட்டுக்கு டிவிதான் ஆள்.
ஆளை மாற்ற ஒரு வாரம் தேடினேன்.
ராயக்கோட்டை மேம்பாலத்துக்குக் கீழே
வேனுக்கு நிற்கும்போது போனில்.
களி கிண்டும்போது உப்பு டப்பாவில் சாய்த்துவைத்து.
கல்வி என்று பெயர் வைத்ததெல்லாம் கல்வி இல்லை.
ஒன்றில் அ, ஆ சொல்லும் யானை
எழுத்துக்கு ஒரு வெடி வெடித்தது.
ஒன்றில் எண்கள் மழையாய்க் கொட்டி, நடுவில்
பொம்மை விற்றார்கள்.
இன்னொன்று நல்லதுதான்; ஆனால் அதில் வருகிற அம்மா
எப்போது பார்த்தாலும் சாவகாசமாகக்
கேக் செய்துகொண்டிருந்தாள்.
பொறாமையில் தள்ளிவிட்டேன்.

பிறகு இது கிடைத்தது.
ஒரு நத்தை. ஒரு முருங்கைக் கிளை. மழை விட்ட காலை.
பதினான்கு நொடி கேமரா அசையவில்லை.
பக்கத்தில் உட்கார்ந்து மொச்சை உரிக்கிறவள் போல
ஒரு பெண்குரல்
"கொம்பு எத்தனை?" என்று கேட்டுவிட்டுச்
சும்மா இருந்தது.

திம்மராஜ் உள்ளே வந்தான்.
"என்ன, நெட் போச்சா?" ரூட்டரைத் தட்டினான்.
இல்லை, காத்திருக்கு.
"எதுக்கு?"
இவள் பதிலுக்கு.

சஷ்மிதா எழுந்து போய்த் திரையில் விரல் வைத்து
"ரெண்டு" என்றாள்.
கொஞ்சம் பொறுத்து,
"கீழ இன்னும் குட்டி ரெண்டு."
அவன் ரூட்டரிலிருந்து கையை எடுத்தான்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன்.
முதல் மூன்று நாள் ரிமோட்டைச் சுவரில் எறிந்தாள்.
பேட்டரி மூடி இன்னும் ரப்பர் பேண்டில் நிற்கிறது.
"எங்க அயான் இதைப் பார்த்தா தூங்கிடுவான் அக்கா"
என்றாள் பக்கத்து வீட்டு பர்வீன்.
தூங்கட்டுமே என்றேன்.
மாங்காய் லாரிகள் கூழ் ஆலைக்கு வரிசை கட்டும் ஜூனில்
இரட்டை ஷிப்டு முடித்து வந்து,
குக்கர் மூன்று விசில் அடிக்கும்வரை
அந்தக் குரங்கையே போட்டுவிட்ட நாட்களும் உண்டு.
அன்றைக்கெல்லாம் எண்ணவில்லை.

நத்தை முடிந்ததும் திரையின் மூலையில்
அடுத்தது ஐந்து, நான்கு, மூன்று என்று ஓடும்.
அதற்குள் நிறுத்தியாக வேண்டும்.
பூத்தில் கட்டையைத் தூக்குவது வேலை,
வீட்டில் இறக்குவது.

இன்று காலை, ஒரு கையில் யூனிஃபார்ம் பின், ஒரு கையில் சீப்பு,
"இட்லி வேணுமா தோசை வேணுமா, சரி, இட்லி" என்று
நானே கேட்டு நானே முடித்தேன்.
சின்ன உள்ளங்கை ஒன்று
என் வாயை மூடியது.
"இரு. நான் சொல்றேன்."

தெருமுனையில் வேன் ஹார்ன் அடித்தது.
நின்றேன்.
ஆறு. ஏழு.
மறுபடி ஹார்ன்.
எட்டு. கூரையைப் பார்த்தாள். ஒன்பது.
பதினொன்றில் வாயைத் திறந்தாள்:

"பூரி."